எண்ணெய்த் தொட்டியைத் தூக்கிய குழியை மூடுவதற்கு முன்: மண் சோதனை செய்யும் முறை

நிலத்தடி எண்ணெய்த் தொட்டியைத் தூக்கிய பின் குழி திறந்திருப்பது பெரும்பாலும் ஒரே நாள்தான். மறுநாள் காலை மணல் லோரி வாசலில் வந்து நிற்கும். அதற்கு முன்பே, மதியத்துக்கு மேல் பெய்யும் கோலாலம்பூர் மழை குழியைக் குளமாக்கிவிடும். அந்த ஒரு நாளில் எடுக்கத் தவறிய மண்மாதிரியைப் பிறகு எடுக்க வேண்டுமென்றால் துளைபோடும் இயந்திரத்தை வரவழைத்து, தார் உடைத்து, இங்கே இருக்கலாம் என்ற ஊகத்தில் தோண்ட வேண்டும். அதனால் இந்த வேலையில் பாதி, கிரேன் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

தூக்குவதற்கு முன்

தொட்டியில் என்ன இருந்தது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். ஆய்வகத்தில் கேட்க வேண்டிய சோதனைகள் அதைப் பொறுத்தே மாறும். பெட்ரோல் என்றால் பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கு; ஆய்வகத்தில் இவற்றைச் சேர்த்து பி.டெக்ஸ் என்பார்கள். அதோடு நாஃப்தலீன், பெட்ரோலில் கலக்கும் எம்.டி.பி.இ. என்ற சேர்மானம், மூலக்கூறில் கார்பன் அணுக்கள் 6 முதல் 9 வரையிலான லேசான எண்ணெய்ப் பகுதி. ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற காலத்துத் தொட்டியாக இருந்தால் ஈயத்தையும் சேர்க்க வேண்டும். டீசலுக்கு கார்பன் 10 முதல் 36 வரையிலான பகுதியும், பி.ஏ.எச். எனப்படும் பலவளையச் சேர்மங்களும் முக்கியம். பட்டறையின் கழிவு எண்ணெய்த் தொட்டி என்றால் இவற்றுக்கு மேல் கன உலோகங்கள், பாகங்களைக் கழுவப் பயன்பட்ட குளோரின் கலந்த கரைப்பான்கள் வரை பார்க்க வேண்டும். பெட்ரோலுக்குப் போட்ட தொட்டியைப் பின்னால் டீசலுக்கு மாற்றுவது சகஜம். யாருக்கும் உறுதியாகத் தெரியாவிட்டால் இரண்டுக்கும் சோதனை கேளுங்கள்.

பிறகு சுவரோரம் நிற்கும் காற்றுக்குழாய்களை எண்ணுங்கள். வரைபடத்தில் இரண்டு தொட்டி, சுவரில் மூன்று குழாய் என்றால் கைவிட்ட தொட்டி இன்னொன்று மண்ணுக்குள் இருக்கக்கூடும். எண்ணெய் ஊற்றும் வாய் எங்கே, பம்பு முன்பு எங்கே இருந்தது, குழாய் எந்த வழியாக ஓடியது என்பவற்றை ஒரே தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் அளவுகோல் விட்டு எழுதிய பழைய கணக்குப் புத்தகம் கிடைத்தால் அதைப் பொன்போல் வைத்திருங்கள். எந்த மாதத்திலிருந்து இருப்பு குறைந்துகொண்டே வந்தது என்று அது சொல்லும்.

உரிமம் தந்த மாநகர் மன்றம், தீயணைப்பு மீட்புப் படை, சுற்றுச்சூழல் துறை ஆகியவற்றிடம் யாருக்கு என்ன கடிதம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். ஆய்வகம் சாம் எனப்படும் மலேசிய ஆய்வக அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், உங்களுக்கு வேண்டிய சோதனைகள் அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கின்றனவா என்பது. குடிநீர் சோதனைக்கு மட்டும் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தின் சான்றிதழும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். குப்பிகளும் ஐஸ் பெட்டியும் குறைந்தது மூன்று நாளுக்கு முன்பே கைக்கு வந்துவிடட்டும்.

குழிக்குள் இறங்காதீர்கள்

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. குழியின் அடியில் தேங்கி நிற்கும். காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். பக்கச் சுவர் சரியும் ஆபத்து தனி. மழைக்குப் பின் நிரப்பு மணல் எச்சரிக்கை இல்லாமல் இடியும். அதனால் மாதிரி எடுக்க ஆள் இறங்க வேண்டியதில்லை. எக்ஸ்கவேட்டரின் வாளியைக் குறித்த இடத்துக்கு அனுப்பி, மண்ணை மேலே கொண்டுவந்து, வாளியின் இரும்பைத் தொடாத நடுப்பகுதியிலிருந்து எடுங்கள். வாயு அளவியைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்கிப் பாருங்கள். ஆவி தீப்பற்றத் தொடங்கும் அளவான கீழ் எல்லையில் 10 சதவீதத்தைத் தாண்டினாலோ, ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலோ வேலையை நிறுத்த வேண்டும். ஜெனரேட்டரையும் லோரியையும் குழிக்கு அருகில் நிறுத்தாமல், காற்று வரும் திசையில் தள்ளி நிறுத்துங்கள்.

மண்ணை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பது இந்தத் தொழிலில் பழகிப்போன கெட்ட பழக்கம். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். வாடை தானாக வந்தால் குறிப்பில் எழுதுங்கள். தேடிப் போய் முகர வேண்டாம்.

தொட்டி சொல்லும் செய்தி

தூக்குவதற்கு முன்பே தொட்டியின் மேல் வண்ணப்பூச்சால் வடக்கு அம்புக்குறி போட்டுவிடுங்கள். லோரியில் ஏற்றும்போது தொட்டி உருண்டு திரும்பிவிடும். அப்புறம் பார்க்கும் ஓட்டை குழியின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மண்ணைச் சுரண்டிவிட்டு, அடிப்பாகம், பற்றவைத்த தையல்கள், அளவுகோல் விடும் வாய்க்கு நேர் கீழே உள்ள இடம் ஆகியவற்றைப் பாருங்கள். அளவுகோல் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இடித்து இடித்துத் தகட்டைத் தேய்த்திருக்கும். கண்ட ஒவ்வொரு ஓட்டையையும் அளவுநாடாவோடு சேர்த்துப் படம் எடுங்கள்.

தொட்டியில் ஓட்டை இல்லை, ஆகவே மண் சுத்தம் என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. குழாய் இணைப்புகளிலும், பம்புக்கு அடியிலும், லோரியிலிருந்து ஊற்றும்போது வழிந்த வாயருகிலும் கசிவது மிகவும் சாதாரணம். தொட்டி முழுதாக இருக்க, ஊற்றும் வாயைச் சுற்றிய மண் எண்ணெயில் ஊறிக் கிடக்கலாம்.

குழியைப் படிப்பது

தொட்டியைச் சுற்றி நிரப்பிய மணல் வேறு, அந்த இடத்தின் சொந்த மண் வேறு. கசிந்த எண்ணெய் மணல் வழியாகச் சுலபமாக இறங்கி, சொந்த மண்ணின் மேல் தேங்கி, அதன் சரிவைப் பிடித்துக்கொண்டு நகரும். மணலை மட்டும் சோதித்தால் எண்ணெய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியாது. சொந்த மண் தொடங்கும் இடத்திலிருந்து 30 முதல் 60 சென்டிமீட்டர் உள்ளே போய் எடுக்க வேண்டும்.

நம் ஊர் மண்ணில் கண்ணை ஏமாற்றும் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜார்ஜ்டவுன் கடலோரத்திலும் பட்டர்வொர்த் பக்கமும் தோண்டினால் கறுத்த கடற்களிமண் வரும். பார்த்தவுடன் டீசல் என்று தோன்றும். ஆனால் அழுகிய முட்டை வாடை அடித்து, காற்றுப்பட்ட சில மணி நேரத்தில் சாம்பல் நிறத்துக்கு வெளிறினால் அது பெரும்பாலும் கந்தகச் சேர்மத்தின் கறுப்பு. இரண்டாவது, செம்மண் ஊற்றுநீரின் மேல் படரும் வானவில் படலம். இரும்புப் பாக்டீரியாவும் அதேபோல் மினுக்கும். ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள். பாக்டீரியாப் படலம் கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து அப்படியே விலகி நிற்கும். எண்ணெய்ப் படலம் சுழன்று மறுபடி ஒன்றுகூடும்.

கண்ணுக்கு அடுத்தபடி பி.ஐ.டி. கருவி. ஒளியால் ஆவியை அளக்கும் இந்தக் கருவியை அன்று காலையிலேயே 100 பிபிஎம் ஐசோபியூட்டிலீன் வாயுவால் சரிபார்த்து எழுதிவையுங்கள். மண்ணை ஜிப் பையில் பாதி போட்டு, காற்றோடு மூடி, வெளியிலிருந்தே கட்டிகளைக் கசக்கி உடைத்து, நிழலில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். பிறகு கருவியின் முனையைச் சிறு துளை வழியாக நுழைத்து, காட்டும் உச்ச எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பைகளுக்கும் ஒரே அளவு மண், ஒரே நேரம். இந்த எண் ஆய்வக முடிவுக்கு மாற்று அல்ல. எந்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று தெரிவு செய்ய உதவும் ஒப்பீடு மட்டுமே. எண்ணெய் படாத மூலையிலிருந்து ஒரு பை எடுத்து அதையும் அளந்தால்தான் ஒப்பிட ஏதாவது இருக்கும்.

இதில் இரண்டு சிக்கல். டீசல் அவ்வளவாக ஆவியாகாது. மண் ஊறிக் கிடந்தாலும் கருவி சின்ன எண்தான் காட்டும். அங்கே கருவியைவிட, ஒரு தேக்கரண்டி மண்ணைத் தெளிந்த தண்ணீர்க் குவளையில் குலுக்கிப் படலம் வருகிறதா என்று பார்ப்பது நம்பகமானது. அடுத்தது நம் காற்றின் ஈரம். குளிரூட்டிய காரிலிருந்து எடுத்த உடனே கருவியை இயக்கினால் விளக்கின்மேல் நீர்த்துளி படிந்து எண் தாறுமாறாக ஓடும். வெளிச்சூட்டுக்குப் பழக அரைமணி விடுங்கள்.

எங்கே, எத்தனை

தொட்டி ஒவ்வொன்றின் இரு முனைகளுக்கும் கீழே ஒவ்வொரு மாதிரி. குழியின் நான்கு சுவர்களிலும், நிறமோ பி.ஐ.டி. எண்ணோ மிக மோசமாக இருக்கும் மட்டத்தில் ஒவ்வொன்று. பம்பு ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒன்று. குழாய்ப் பாதையில் 6 மீட்டருக்கு ஒன்று. வளைவும் இணைப்பும் வரும் இடத்துக்கு முன்னுரிமை. ஊற்றும் வாய் தொட்டியை விட்டுத் தள்ளியிருந்தால் அதற்கும் ஒன்று.

இரண்டு தொட்டி, இரண்டு பம்பு, 14 மீட்டர் குழாய் உள்ள ஒரு லோரிக் கிடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் 4, சுவரில் 4, பம்புக்கு 2, குழாய்க்கு 3, தோண்டிய குவியலுக்கு 2, எண்ணெய் படாத இடத்துக்கு 1, ஆக 16. பத்துக்கு ஒன்று என்ற கணக்கில், அதே இடத்தில் இன்னொன்றாக எடுக்கும் இரட்டை மாதிரி 2. வழியில் மாசு கலந்ததா என்று பார்க்க, ஐஸ் பெட்டியோடு போய்த் திரும்பும் வெற்றுக்குப்பி 1. மொத்தம் 19. செலவைக் குறைக்கப் பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பும் வழக்கம் உண்டு. ஆவியாகும் பொருட்களுக்கு அதைச் செய்யவே கூடாது. கலக்கும்போதே பென்சீன் பறந்துபோகும். மோசமான இடத்தின் அளவும் சராசரியில் கரைந்து மறையும்.

குழியில் தண்ணீர் நின்றால், அடியிலிருந்து வாளி அள்ளும் சேற்றை மாதிரி என்று கணக்கில் எடுக்க வேண்டாம். பெட்ரோலும் டீசலும் நீரைவிட லேசானவை. அவை நீர்மட்டத்தை ஒட்டியே படியும். அதனால் சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரம் ஏறி நிற்கும் விளிம்பில் எடுங்கள். குழித்தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றி, மறுபடி ஊறிவரும் நீரில் ஒரு மாதிரி எடுக்கலாம். முதலில் நின்ற தண்ணீர் பாதி மழைநீர். நிலத்தடி நீரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. உறிஞ்சிய தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். எண்ணெய் கலந்திருந்தால் அதுவும் சட்டம் கட்டுப்படுத்தும் பட்டியலிட்ட கழிவுதான்.

குப்பியில் அடைப்பது

நல்ல இடத்தில் எடுத்த மாதிரிகூட இங்கே கெட்டுப்போகும். ஆவியாகும் பொருட்களுக்கான குப்பியை எப்போதும் முதலில் நிரப்புங்கள். ஆய்வகம் மெத்தனால் குப்பி தந்திருந்தால், முனை வெட்டிய சிரிஞ்சை மண்ணுக்குள் அழுத்தி அவர்கள் சொன்ன அளவு, பெரும்பாலும் 5 கிராம், எடுத்து நேராக உள்ளே தள்ளி உடனே மூடுங்கள். குப்பியின் எடையை ஆய்வகம் முன்பே குறித்திருக்கும்; மெத்தனால் சிந்தினாலோ கூடுதல் ஸ்டிக்கர் ஒட்டினாலோ கணக்கு தப்பும். கண்ணாடி ஜாடி மட்டும் தந்திருந்தால் இடைவெளி இல்லாமல் விளிம்புவரை அழுத்தி நிரப்பி, மரையில் ஒட்டிய மணலைத் துடைத்துவிட்டு டெஃப்லான் பூசிய மூடியால் இறுக்குங்கள். ஒரே ஒரு மணல் துகள் மரையில் மாட்டினாலும் வழியெல்லாம் ஆவி கசியும்.

ஒவ்வொரு மாதிரிக்கும் புதிய நைட்ரைல் கையுறை. கரைப்பான் வாடை அடிக்கும் மார்க்கர் பேனாவைத் தவிர்த்து, சாதாரணப் பந்துமுனைப் பேனாவால் எழுதுங்கள். எக்ஸ்கவேட்டருக்கு டீசல் ஊற்றிய கையோடு யாரும் குப்பியைத் தொட வேண்டாம்.

பிறகு ஐஸ். நிறைய ஐஸ். மாதிரி 6 டிகிரிக்குள் குளிர்ந்திருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வேனுக்குள் இரண்டு மூன்று ஐஸ் பொதிகள் மதியம்கூடத் தாங்காது. கடையில் விற்கும் ஐஸ் கட்டிகளை இரட்டை ஜிப் பையில் போட்டு, குப்பிகளுக்குக் கீழும் மேலும் அடுக்குங்கள். பினாங்கில் எடுத்த மாதிரி கிள்ளான் பள்ளத்தாக்கு ஆய்வகத்துக்குப் போக வேண்டுமென்றால், நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ஒருமுறை நிறுத்திப் பழைய ஐஸ் தண்ணீரைக் கொட்டிப் புதிது நிரப்புவது அவசியம். 14 நாள் வரை சோதிக்கலாம் என்ற கெடு, குளிர் அறுபடாமல் இருந்தால் மட்டுமே பொருந்தும். மாதிரி கைமாறும் ஒவ்வொரு முறையும் பெயர், நாள், மணி, கையெழுத்து அடங்கிய தாள் கூடவே போக வேண்டும்.

தோண்டிய மண் குவியல்

சுத்தமாகத் தெரியும் மண்ணும் சந்தேக மண்ணும் தனித்தனிக் குவியல். கீழே கனமான பிளாஸ்டிக் விரிப்பு, ஓரத்தில் மணல் மூட்டை வரப்பு, மேலே தார்ப்பாய். மாலை மழையில் மூடாத குவியலிலிருந்து ஓடும் நீர், குழியில் இல்லாத மாசையும் அக்கம்பக்கத்துக் கால்வாயில் கொண்டு சேர்க்கும்.

எண்ணெய் கசிவைச் சுத்தம் செய்ததில் வந்த மண், 2005ஆம் ஆண்டின் பட்டியலிட்ட கழிவு விதிகளின்படி எஸ்.டபிள்யூ. 408 என்ற குறியீட்டில் வரும். தொட்டியின் அடியில் படிந்த கசடு எஸ்.டபிள்யூ. 310. எண்ணெய் துடைத்த துணியும் கையுறையும் எஸ்.டபிள்யூ. 410. கழிவு உண்டான 30 நாளுக்குள் சுற்றுச்சூழல் துறைக்கு அறிவிக்க வேண்டும். எழுத்துமூல அனுமதி இல்லாமல் 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ இடத்தில் வைத்திருக்க முடியாது. இந்த 20 டன்தான் பலரைச் சிக்கவைப்பது. ஒரு கனமீட்டர் மண் ஏறக்குறைய 1.7 டன், அப்படியானால் 12 கனமீட்டரிலேயே வரம்பு வந்துவிடும். நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம், அவ்வளவுதான். தோண்டத் தொடங்கும் முன்பே உரிமம் பெற்ற லோரியையும், ஏற்றுக்கொள்ளும் நிலையத்தையும் பேசி வையுங்கள். நெகிரி செம்பிலான் புக்கிட் நானாஸில் உள்ள கழிவு நிலையத்தைப் பற்றிப் பேசும்போது கோலாலம்பூர் கோபுரம் நிற்கும் புக்கிட் நானாஸ் என்று சிலர் குழம்புவதுண்டு, இரண்டும் வேறு.

சுவர் சரிகிறது, முடிவு வரும்வரை காத்திருக்க வழியில்லை என்றால் குழியைச் சுத்தமான மணலால் மூடலாம். ஆனால் மூடுவதற்கு முன் அடியிலும் சுவரிலும் நெகிழித் துணி விரித்து, தோண்டிய எல்லையை அளந்து வரையுங்கள். பிறகு மறுபடி தோண்ட நேர்ந்தால் எங்கே நிறுத்தினோம் என்பதை அந்தத் துணி காட்டும். வாடையடிக்கும் மண்ணையே திரும்பக் குழியில் தள்ளி மூடுவது மட்டும் கூடாது.

நிலத்தடி நீர்

குழியின் சுவரிலோ அடியிலோ எண்ணெய் தெரிந்தால் கண்காணிப்புக் கிணறு போடாமல் தீராது. குறைந்தது மூன்று, முக்கோணமாக. மூன்று நீர்மட்டங்கள் இருந்தால்தான் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கணக்கிட முடியும். 50 மில்லிமீட்டர் பிவிசி குழாய், மரை இணைப்பு. பசை போட்டு ஒட்டாதீர்கள். பசையின் கரைப்பானே ஆய்வக அறிக்கையில் வந்து நிற்கும். துளையிட்ட பகுதி 3 மீட்டர், அது நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். முழுதும் நீருக்கடியில் அமைந்துவிட்டால் மிதக்கும் எண்ணெய் கிணற்றுக்குள் வரவே வராது. ‘எண்ணெய் இல்லை’ என்று அறிக்கை எழுதப்படும். சுற்றிலும் சலித்த மணலைத் துளைப்பகுதிக்கு அரைமீட்டர் மேல்வரை நிரப்பி, அதன்மேல் அரைமீட்டருக்குக் குறையாமல், நீரில் ஊதி அடைத்துக்கொள்ளும் பெண்டோனைட் களிமண், மீதிக்கு சிமெண்டுக் குழம்பு, தரையோடு பூட்டும் மூடி.

பினாங்கின் வெல்ட் குவே போன்ற, கடலை நிரப்பி எடுத்த நிலத்தில் கடல் ஏற்ற இறக்கத்தோடு கிணற்று நீரும் ஏறி இறங்கும். சில மணி நேரத்தில் நீரோடும் திசைகூட மாறலாம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாளில் ஏற்றத்திலும் இறக்கத்திலும் இரண்டு முறையாவது அளந்த பிறகே துளைப்பகுதியின் உயரத்தை முடிவுசெய்யுங்கள். கோலாலம்பூரில் வேறு தொல்லை. பத்துமலையில் கண்முன் நிற்கும் அதே சுண்ணாம்புப் பாறை நகரத்தின் பல பகுதிகளுக்கு அடியிலும் ஓடுகிறது, பொந்தும் பிளவுமாக. துளைபோடும்போது நீர் திடீரென மறைந்தால் பொந்தைத் தொட்டுவிட்டீர்கள். அங்கேயே நிறுத்துங்கள், அந்தத் துளையே மேலே உள்ள எண்ணெயைப் பாறைக்குள் இறக்கும் வழியாகிவிடும். பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளை நிரப்பிய நிலத்திலோ மணலும் சேறும் மாறி மாறி வரும். பத்தடி தள்ளிப் போட்ட கிணறு முற்றிலும் வேறு கதை சொல்லும்.

கிணற்றைத் தெளியும்வரை இறைத்து, ஒரு வாரம் விட்டு, எண்ணெயையும் நீரையும் பிரித்துக் காட்டும் அளவியால் முதலில் மட்டம் பாருங்கள். மிதக்கும் எண்ணெய் இருந்தால் அதன் தடிமனைக் குறித்து, உடனே தெரிவிக்க வேண்டியவர்களுக்குத் தெரிவியுங்கள். இல்லையென்றால் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேற்படாமல் மெதுவாக எடுத்து, பி.எச்., மின்கடத்தும் திறன் எண்கள் நிலைபெற்ற பின் காற்றுக்குமிழி இல்லாமல் குப்பியை நிரப்புங்கள்.

முடிவு வந்த பிறகு

சுற்றுச்சூழல் துறையின் 2009ஆம் ஆண்டு மாசுற்ற நில வழிகாட்டியில் உள்ள அளவுகளோடு ஒப்பிட வேண்டும். நிலத்தின் பயன்பாட்டைப் பொறுத்து அளவு மாறும். இன்று லோரி நிற்கும் இடத்தில் நாளை அடுக்குமாடி வரப்போகிறது என்றால் குடியிருப்புக்கான அளவைப் பாருங்கள். அளவைத் தாண்டினால் உடனே எல்லா மண்ணையும் அள்ள வேண்டும் என்று பொருளில்லை. எங்கே வரை பரவியது, யாரைத் தொடும் என்று விரிவாக ஆராயும் கட்டம் தொடங்குகிறது. முதல் கேள்வி பக்கத்துக் கடைவீடு. சுவரும் கால்வாயும் பொதுவாக இருக்கும் வரிசைக் கடைகளில் ஆவி, குழாய்ப் பள்ளம் வழியாகப் பக்கத்து வீட்டுக் குளியலறையில் எழும்பும். அந்த வீட்டில் குழந்தைகள் இருக்கலாம். அங்கே வாடை அடிக்கிறது என்று சொன்னால் மண் அறிக்கைக்குக் காத்திராமல் அன்றே போய் அளந்து பாருங்கள்.

‘கண்டறியப்படவில்லை’ என்ற வரியை அப்படியே நம்பாதீர்கள். ஆய்வகத்தின் கண்டறியும் எல்லை, வழிகாட்டி அளவைவிடக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரட்டை மாதிரி இரண்டும் வெகுவாக வேறுபட்டால் மண் சீரற்றது அல்லது எடுத்த விதம் தவறு. கடற்களிமண்ணிலும் சதுப்பு மண்ணிலும் கனமான எண்ணெய்ப் பகுதி மட்டும் உயர்ந்து, பி.டெக்ஸும் நாஃப்தலீனும் இல்லாவிட்டால், மக்கிய இலைதழையின் பொருட்களே எண்ணெய் என எண்ணப்பட்டிருக்கலாம். சிலிக்கா ஜெல்லால் சுத்தப்படுத்தி மறுபடி சோதிக்கச் சொல்லி, ஆய்வகக் கருவி வரையும் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். டீசல் வரைபடத்தில் சீரான இடைவெளியில் சீப்புப் பற்கள்போல் முகடுகள் வரும். பழைய டீசலில் பற்கள் தேய்ந்து வெறும் மேடு நிற்கும்.

நீர் மாதிரியை ஒரு முறையோடு நிறுத்தாமல், மழை மாதத்தில் ஒன்றும் வறண்ட மாதத்தில் ஒன்றும் எடுங்கள். நீர்மட்டம் இறங்கும்போது எண்ணெய் மண்ணில் ஒட்டிக்கொண்டு கிணற்றில் குறைந்து காட்டும். ஏறும்போது மீண்டும் கரையும். எல்லாம் முடிந்தபின் கிணறுகளை அப்படியே விட்டு மேலே தார் போடக் கூடாது. குழாயை அகற்றி, துளையை அடியிலிருந்து மேல்வரை பெண்டோனைட் கலந்த சிமெண்டுக் குழம்பால் நிரப்பி, அதன் இடத்தை வரைபடத்தில் குறித்து நில ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள்.